வெள்ளி பெயின்ட் அடித்த லாரி

போன வருடம் ஆவணி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை காலை, சின்ன காஞ்சிபுரத்தில் நான் வேலை செய்யும் லாரி ஷெட்டில் நடந்தது இது. அங்கே பெண் மெக்கானிக் நான் ஒருத்திதான். முதல் முறையாக ஒரு முழு இன்ஜினையும் தனியாகப் பிரித்துக் கட்ட என்னிடம் கொடுத்திருந்தார்கள். அது ஒழுங்காக ஓடினால் இனி இன்ஜின் வேலை எனக்கு. இல்லையென்றால் பழையபடி கிரீஸ் அடிக்கப் போக வேண்டியதுதான்.

லாரிக்காரர் மாலை, எலுமிச்சம்பழம், பூசணிக்காயோடு வந்துவிட்டார். புதுசாகக் கட்டிய இன்ஜினுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று முந்தின நாளே லாரியின் அடிச்சட்டமான சேஸிஸ் முழுக்கத் தன் கையாலேயே வெள்ளி பெயின்ட் அடித்திருந்தார். கற்பூரம் காட்டிச் சாவியைத் திருப்பினால், இன்ஜின் தூக்கக் கலக்கத்தில் எழுந்தவன் மாதிரி மெல்லச் சுற்றி நின்றுவிட்டது. வேறு பேட்டரி வைத்தோம். இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரையும் வேறு மாட்டினோம். அதே கதைதான்.

ஷெட் மேஸ்திரி உதட்டைப் பிதுக்கினார். “பேரிங் டைட்டா புடிச்சுக்கினு இருக்குதும்மா. இன்ஜினைத் திரும்ப இறக்கிடு.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒவ்வொரு பேரிங்கையும் முடுக்கியதும் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டிருந்தேன். எல்லாம் லேசாகத்தான் சுற்றின.

“இறக்க மாட்டேண்ணா. இன்னொரு வாட்டி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு இன்ஜின் பக்கம் குனிந்தேன். செல்ஃப் அடித்ததும் ஆக்ஸிலேட்டர் கேபிளில் கை பட்டது. சுட்டது.

ஸ்டார்ட்டே ஆகாத வண்டியில் கேபிள் ஏன் சுட வேண்டும்? மோட்டாருக்குப் போன கரண்ட், திரும்பி வர நல்ல வழி இல்லாமல் அந்த மெல்லிய கம்பியில் புகுந்திருக்கிறது. அப்படியென்றால் இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் ஒயர்தான் கோளாறு. அதைத் தொட்டீர்களா என்று லாரிக்காரரைக் கேட்டேன்.

“சாமிக்குக் காட்டற வண்டியாச்சே. ஒரு இடம் விட்டுப்போகக் கூடாதுன்னு அதைக் கழட்டி, அடியிலயும் பெயின்ட் அடிச்சுட்டுத்தாம்மா மாட்டினேன்.”

அவ்வளவு பக்தியாகச் செய்தவரை என்னவென்று திட்டுவது? பெயின்ட் கரண்டை விடாது. ஒயரைக் கழற்றி, அடியில் இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முடுக்கினேன். நானே ஏறிச் சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான்.

மேஸ்திரி பூசணிக்காயைத் தூக்கி என் கையில் கொடுத்தார். “நீயே உடைம்மா.”

இப்போதும் யாராவது “திரும்ப இறக்கிடு” என்று சொன்னால், அன்று சூடு பட்ட விரலை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, என் வேலையை நம்பி, வேறு எங்கே கோளாறு என்று தேடத் தொடங்கிவிடுகிறேன்.