அறுபத்துநாலு கே வரைக்கும்

தொண்ணூறுகளின் நடுவில், குரோம்பேட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் டிரைவர் எழுதிக்கொண்டிருந்தேன். டிரைவர் என்றதும் என் மாமியார் என்ன புரிந்துகொண்டாரோ, கல்யாண வீடுகளில் எல்லாரும் என்னிடம் லைசென்ஸ் பற்றி விசாரித்தார்கள். நான் எழுதியது ஹார்டு டிஸ்க்கையும் ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் பேசவைக்கும் புரோகிராம். டிஸ்க்கை இணைக்கும் கார்டை ஆபீசிலேயே ஒருவர் வடிவமைத்திருந்தார். கார்டுக்காரர் என்றே சொல்கிறேன். என்னைவிட மூத்தவர், அதிர்ந்து பேசமாட்டார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்தக் கார்டு டி.எம்.ஏ. முறையில் வேலை செய்தது. அதாவது, பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் மெமரியிலிருந்து தானே தகவலை அள்ளி டிஸ்க்கில் கொட்டும். அள்ள வேண்டிய துண்டு எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று டிரைவர் சொன்னால் போதும். ஒரு துண்டு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று ஆரம்பத்திலேயே கேட்டேன். "அறுபத்துநாலு கே வரைக்கும் போலாம்" என்றார். அறுபத்துநாலு கிலோபைட் என்று அப்படியே எழுதினேன்.

பெரிய ஃபைலைக் காப்பி பண்ணினால் நடுவில் ஒரு பகுதி காணாமல் போய் ஓட்டை விழுந்தது. அதுவும் காலையில், மெஷினைப் போட்ட கையோடு. மத்தியானம் எவ்வளவு பண்ணினாலும் ஒழுங்காக இருக்கும். முதலாளி வருவதோ காலையில். "சனிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா வெளிநாட்டுக் கார்டு வாங்கிக்கிறேன். திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க வர வேணாம்" என்று கார்டுக்காரரிடம் என் முன்னாலேயே சொல்லிவிட்டார். கார்டுக்காரரின் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

சனிக்கிழமை காலையும் ஓட்டை. ஒவ்வொரு துண்டின் அளவையும் ஸ்கிரீனில் வரவழைத்துப் பார்த்தோம். மெஷினைப் போட்ட புதிதில், மெமரி சிதறுவதற்கு முன், அடுத்தடுத்துக் காலியிடம் கிடைக்க, டிரைவர் அதையெல்லாம் சேர்த்து முழு அறுபத்துநாலு கே துண்டாக அனுப்பியிருந்தது. அந்தத் துண்டுகள்தான் டிஸ்க்குக்குப் போய்ச் சேரவில்லை.

"முழு அறுபத்துநாலா அனுப்புறீங்க?" என்றார் கார்டுக்காரர். "அளவை எண்ணுற என் கவுண்டர் அவ்வளவு தாங்காதே மேடம். முழுசாப் போனா திரும்பச் சைபர் ஆயிடும். ஒண்ணுமே எடுக்காம, முடிஞ்சுதுன்னு சொல்லிடும்."

"நீங்கதானே சார் அறுபத்துநாலு வரைக்கும்னீங்க?"

"வரைக்கும்னா, அதைத் தொடாம."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் சார், தாம்பரம் வரைக்கும் டிக்கெட் எடுத்தா ஒரு ஸ்டேஷன் முன்னாடி சானடோரியத்துலயே இறங்கிடுவீங்களா?"

"டெய்லி அங்கதானே மேடம் இறங்குறேன்" என்றார் நிதானமாக. "என் வீடு அங்கதானே இருக்கு."

இருந்த கோபத்திலும் சிரித்துத் தொலைத்தேன்.

திருத்தம் ஒரே வரிதான். உச்ச அளவை அறுபது கே ஆக்கி, பக்கத்தில் 'சானடோரியத்தில் இறங்கவும்' என்று குறிப்பும் அடித்தேன். முதலாளி பார்த்தார், மெஷினை அணைத்துத் திரும்பப் போடச் சொன்னார், மறுபடி பார்த்தார். ஓட்டை இல்லை. "சரி, கார்டு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ரூமுக்குள் போய்விட்டார்.

சாயங்காலம் ஒரே ரயிலில் திரும்பினோம். சானடோரியம் வருவதற்குள் கார்டுக்காரர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கார்டு இருக்கட்டும்னா, நானும் சேர்த்தியா மேடம்?"

"சேர்த்திதான் சார்" என்றேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்.

திங்கட்கிழமை மாடிப்படி ஏறியபோது அவர் செருப்பு வாசலில் கிடந்தது. அப்பாடா என்று இருந்தது.