பந்தல் சாமானான விமானம்

எங்கள் ஊரில் விமானம் செய்தவர் ஆசாத் ஒருவர்தான். திண்டுக்கல் பேகம்பூரில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். பக்கத்து டயர் கடை என்னுடையது. அலுமினியக் குழாய், துணி இறக்கை, விபத்தில் நொறுங்கிய வேனின் எஞ்சின் என்று வருடக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார். தாடிக்கொம்புத் தென்னந்தோப்புகளுக்கு மேலே ஒரே ஒரு சுற்று வந்தால் போதும் என்பார். அந்த மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது.

பறக்க அனுமதி கேட்டால் இன்சூரன்ஸ் எங்கே என்றார்கள். இன்சூரன்ஸ் கேட்டால் இதுவரை எவ்வளவு தூரம் பறந்திருக்கிறது என்றார்கள். மதுரைக்கும் சென்னைக்கும் நடையாய் நடந்தார். ஏசி அறையில் உட்கார்ந்து அவர்கள் சிரித்த சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசியில் இரக்கப்பட்டது உள்ளூர் இன்சூரன்ஸ் ஆபீஸ் டெய்சி மேடம்தான்.

"ஏரோபிளேன்னு எழுதுனா ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டாங்க பாய். கல்யாணப் பந்தல் சாமான்னு எழுதுங்க, உடனே பாலிசி தாரேன். ஆனா எஞ்சின் இருக்கக் கூடாது."

"வேணாம் பாய்," என்றேன்.

"சும்மா இரு மணிமாறா. மொதல்ல ஒரு பேப்பர் கைக்கு வரட்டும், பெறகு மாத்திக்கிறலாம்," என்றார்.

ரேஷன் கார்டிலிருந்து கரண்ட் கனெக்‌ஷன் வரை நாம் எல்லோரும் அப்படித்தானே வாங்கியிருக்கிறோம்? அவரே ஸ்பேனரை எடுத்து எஞ்சினைக் கழற்றினார்.

மறு வருடம் பாலிசியை மாற்றப் போனோம். டெய்சி மேடம் மாற்றலாகிப் போயிருந்தார். புது அதிகாரி பாலிசி ஃபைலில் இருந்த பழைய போட்டோவைக் காட்டினார்.

"எஞ்சின் இல்ல, பறக்காதுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்திருக்கீங்க? இது எப்படிங்க விமானம் ஆகும்?"



அதன் பிறகு அந்த விமானம் வாடகைக்கு மண்டபம் மண்டபமாகப் போனது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறி உட்கார்ந்து போஸ் கொடுப்பார்கள். முந்தானை பறப்பதற்காக எதிரே ஒரு பெரிய ஃபேன் சுற்றும். வாடகை வாங்கும்போது ஆசாத் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

போன மாதம் அவர் மகள் ஷப்னத்துக்கு நிக்காஹ். விமானமும் வந்திருந்தது. போட்டோகிராபர் அவளை ஏறச் சொன்னார். அவள் இறக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள்.

"இதுல நான் ஏற மாட்டேன். எஞ்சினை மாட்டுங்க அத்தா, அன்னைக்கு ஏறுறேன்," என்றாள் அப்பாவிடம்.

காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது.

"அந்தா கேக்குதுல்ல, அதுல ஓடுறதுதாம்மா நம்ம எஞ்சின்," என்றார் ஆசாத். "ஒன் கல்யாணத்துக்கு லைட்டு எரிய வேணாமா?"