பேச்சி கேப்டனாக இருந்த நான்கு ஞாயிறுகள்

வாய்க்காலில் விழுந்து நனைந்த டென்னிஸ் பந்து வேகமாக வந்து அறைந்தால் உள்ளங்கை வெகுநேரம் காந்தும். விக்கிரமசிங்கபுரத்தில் என் பதினோராம் வயதுக் கோடை முழுக்க அப்படிக் காந்திக்கொண்டேதான் கழிந்தது. பேட் என்னுடையது என்பதால் எங்கள் தெரு அணிக்குக் கேப்டனும் நானே. முதலில் மட்டை பிடிப்பது நான், பாதி ஓவர்களை வீசுவதும் நான். யாராவது கேட்சை விட்டால் வாய்க்கு வந்தபடி ஏசுவேன். ஆடிய ஆட்டமெல்லாம் தோற்றோம். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு பத்துப் பேர் மிஞ்சியபோது, எதிர்வீட்டுப் பேச்சியம்மாளைக் கூப்பிட்டுவந்தோம். என்னைவிட ஒரு வயது மூத்தவள், பள்ளியில் எறிபந்து ஆடுகிறவள்.

அன்றைக்கும் தோற்றதும் என்னிடம் வந்தாள். "ஏலே, பேட்டு ஒன்னோடதுதான், நான் கேக்கல. ஆனா இனி கேப்டன் நான்."

மற்ற ஒன்பது பேரும் மறுபேச்சில்லாமல் அவள் பக்கம் போய் நின்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் யாரையும் ஏசவில்லை. எப்போதும் கேட்சை விடும் சுடலையை இடம் மாற்றி நிறுத்தினாள். "வெயிலு கண்ணுல அடிக்குதுல்லா, அதான் விடுதான்," என்றாள். அதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. அடுத்த மூன்று ஞாயிறும் தோற்றோம்தான். ஆனாலும் "சோலி இருக்கு" என்று ஒதுங்கிப்போனவர்கள் திரும்பி வந்தார்கள். எனக்கு மட்டும் அவள் பந்தே தரவில்லை.

நான்காம் ஞாயிறு அம்பாசமுத்திரத்துப் பையன்கள் வந்தார்கள். கடைசி விக்கெட், கடைசி ஓவர், அவர்களுக்கு இன்னும் நான்கு ரன். பேச்சி பந்தை என் கையில் வைத்தாள்.

"நீயே அவுட்டாக்கணும்னு நெனைக்காத. பையப் போடு. தூக்கி அடிச்சா அங்கன சுடலை நிக்கான்."

பையப் போட்டேன். தூக்கி அடித்தான். சுடலை பிடித்துவிட்டான். எங்களில் அதிகமாகக் குதித்தது யார் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. தேடிப்போனபோது அவள் அம்மா வாசலுக்கு வந்து, "அவ பெரியவளாயிட்டா. இனி வெளையாட வரமாட்டா, போங்கலே," என்றார். உள்ளேயிருந்து பேச்சியின் குரல் கேட்டது: "கேப்டன் யாருலே இப்ப?"

நாங்கள் ஆடிய இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. போன மாதம் அங்கே ஒரு கல்யாணத்தில் பேச்சியைப் பார்த்தேன், திருச்செந்தூரில் வாழ்கிறாள். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்ததும் சிரித்தாள்.

"அதுக்குப் பெறகு எதையும் முடிவு பண்ணச் சொல்லி எங்கிட்ட யாரும் கேட்டதில்ல தம்பி," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனாள். அவளுக்குப் பக்கத்து இலை காலியாக இருந்தது. போய் உட்கார்ந்துகொண்டேன்.