வாய்க்காலில் விட்ட உறைகள்

என் தங்கை காலமாகி நாற்பது நாளாகிறது. அவளைப் பற்றி நினைக்க எவ்வளவோ இருந்தும், மனம் ஒரு குறுவைப் பருவத்துக் காலையிலேயே போய் நிற்கிறது. ஏன் என்பது எனக்கு முழுவதும் விளங்கவில்லை. அவளுக்கு அப்போது ஏழு வயது, எனக்குப் பத்து.

கீழ்வேளூரை அடுத்த எங்கள் கிராமத்துக்கு அக்காலத்தில் இரண்டு புதுமைகள் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒன்று, குத்தகைக்காரர் தம் பெயரை அரசு ஏட்டில் பதிந்துகொள்ளலாம் என்ற சட்டம். மற்றது, உர மூட்டைக்குள் இருந்த பிளாஸ்டிக் உறை. முதலாவதைப் பற்றி ஊரே பேசிற்று. இரண்டாவதைப் பற்றி அம்மா மட்டும் பேசினாள். நனையாது, மக்காது, கறையான் தொடாது. வடாம் பிழிய, ஊறுகாய்ச் சாடியின் வாயைக் கட்ட, நடவுப் பெண்கள் மழையில் தலைக்குப் போட்டுக்கொள்ள என்று ஒவ்வோர் உறைக்கும் அவளிடம் ஒரு வேலை காத்திருந்தது. மக்காது என்பது அன்று பாராட்டுச் சொல்.

உரத்தின் உப்புப் போக அலசி வரும்படி ஒன்பது உறைகளை எங்களிடம் கொடுத்தாள். கொல்லையை ஒட்டியே வாய்க்கால். உறையின் வாயை ஓட்டத்துக்கு எதிரே பிடித்தால் அது நீர் குடித்து உப்பி, உயிருள்ள பிராணிபோலக் கையை இழுக்கும். விட்டுவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டவன் நான். விட்டவள் அவள். முதலாவது போன அழகைக் கண்டு மற்ற எட்டும் போயின. தண்ணீர் பிடுங்கிக்கொண்டது என்று அம்மாவிடம் சொன்னோம். தண்ணீரில் விட்டது எதுவானாலும் கடலுக்குப் போய் இல்லாமல் ஆகிவிடும் என்பதில் எங்கள் வீட்டில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. பூசை செய்த பூவையும் அங்கேதான் விடுவோம்.

மூன்றாம் நாள் காலை எங்கள் குத்தகைக்காரர் வாசலில் வந்து நின்றார். வழக்கமாகக் கொல்லைப் பக்கம் வருபவர். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவரிடம் விவசாயச் சங்கக் கொடி இருந்தது. அதை உயர்த்திப் பிடிப்பதா என்று முடிவாகாதவர்போல் குடையைப் போலக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

“அய்யா, கொஞ்சம் வந்து பாருங்க” என்றார் குத்தகைக்காரர்.

அப்பா போனார், நாங்கள் இருவரும் பின்னால் ஓடினோம். வண்டிப்பாதைக்கு அடியில் வாய்க்கால் ஒரு சிமெண்டுக் குழாய் வழியே போகும். குழாய்க்கு இப்பால் எங்கள் சொந்தச் சாகுபடி. அப்பால் அவர் உழுத குத்தகை நிலம். இப்பால் தண்ணீர் வரப்பைத் தாண்டி வழிந்தது. அப்பால், நட்டுப் பத்து நாளான பயிர் வெடித்த சேற்றில் வெளுத்து நின்றது. முறைத் தண்ணீர் அன்று மாலையோடு நின்றுவிடும். அடுத்த முறைவரை அந்தப் பயிர் தாங்காது.

ஓர் ஆள் மூழ்கிக் குழாயின் வாயிலிருந்து அடைப்பை இழுத்தெடுத்தார். ஒன்றுக்குள் ஒன்று திருகிக்கொண்ட எங்கள் உறைகள், ஆகாயத்தாமரை வேரும் சேறும் சேர்ந்து, கன்றுக்குட்டி அளவுக்கு இருந்தன. தண்ணீர் சத்தத்தோடு பாய்ந்தது. ஆனால் யார் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை.

எங்கள் பக்கத்தில் வாய்க்கால் தானாக அடைவது கிடையாது, ஆள்தான் அடைப்பார். வைக்கோல் பிரி என்றால் அவசரம். களிமண்ணும் வாழைமட்டையும் என்றால் வன்மம். அடைப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகவே சொல்வார்கள். அந்தப் பருவத்தில் ஊரில் உர மூட்டை இறங்கிய வீடு எங்களுடையது ஒன்றுதான்.

“வைக்கோல் அழுவிப் போயிரும்ல. அழுவாததாப் பாத்து வச்சிருக்காரு. படிச்ச மூளை” என்றார் கொடிக்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

“நான் இந்தப் பக்கமே வரல” என்றார் அப்பா. அது முற்றிலும் உண்மை. அவர் வயல் பக்கமே வருவதில்லை என்பது அவர்மேல் ஏற்கெனவே இருந்த குற்றச்சாட்டு.

அப்போது தங்கை முன்னே போய், “நாந்தான் விட்டேன், எங்க கொல்லையில” என்றாள்.

“பாப்பாவுக்கு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்கய்யா” என்றார் கொடிக்காரர்.

குத்தகைக்காரர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ சொல்லு. பாப்பா சொல்றது நெசமா?”

ஆமாம் என்றால் அம்மாவிடம் சொன்ன பொய் வெளிவரும். அங்கே முடிவாக வேண்டியது அது ஒன்றே என்று நினைத்துக்கொண்டு, “தெரியல” என்றேன். தங்கை என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. கூட்டல் கணக்கில் விடை வராதபோது பலகையை அப்படித்தான் பார்ப்பாள்.

அடுத்த வாரம் குத்தகைக்காரர் தம் பெயரைப் பதியக் கேட்டுத் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தார். பதிவு கேட்டது அவருடைய உரிமை. அதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. அந்த மனுவின் நகலைப் பல ஆண்டுகள் கழித்து அப்பாவின் காகிதங்களுக்கிடையே படித்தேன். நிலச் சொந்தக்காரர் வேண்டுமென்றே தண்ணீரை மறித்தார் என்றும், அதை மறைக்கத் தம் பெண் குழந்தைக்குப் பொய் சொல்லப் பழக்கினார் என்றும் அதில் எழுதியிருந்தது. என் தங்கையைப் பற்றி அரசு ஏட்டில் ஏறிய முதல் செய்தி அது.

அதன்பின் குத்தகைக்காரர் குழாய்க்கு முன்னால் மூங்கில் தட்டி ஒன்று கட்டினார். மேலே உள்ள ஊர்களுக்கும் உரம் வரத் தொடங்கியிருந்தது. எங்களுக்குத் தெரியாத வீடுகளின் உறைகள் தட்டியில் வந்து ஒட்டின. அவற்றைக் கழியால் எடுத்துக் கரையில் குவித்தார். எரித்தால் மூச்சு முட்டியது. புதைத்தால் ஏர் கிளறி மேலே கொண்டுவந்தது. என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் காலை தங்கை என்னை அங்கே இழுத்துப் போனாள். கழியின் நுனியில் ஓர் உறை சொட்டிக்கொண்டிருக்க, அவர் வெகுநேரம் அதையே பார்த்து நின்றார்.

“ஒருத்தரும் வந்து வைக்கலை பாப்பா. தானா வருது” என்றார். பிறகு என்னிடம், “அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல தம்பி? மனு குடுத்துட்டேனே.”

“அதான் தண்ணி வந்துருச்சே” என்றாள் தங்கை, அவரைத் தேற்றுவதுபோல.

அவர் தலையசைத்தார். தண்ணீர் வந்தபின் அவருக்கு இன்னும் என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை. என் ஒரு வார்த்தையை நம்பிவிட வேண்டும் என்று அன்று அவர் எவ்வளவு விரும்பினார் என்பதும் புரியவில்லை. திரும்பும்போது வரப்பு நெடுகத் தங்கை என் கையை இறுகப் பற்றிக்கொண்டு வந்தாள். புல்லில் பாம்பு கிடக்கும் என்று பயப்படுகிறாள் என அன்று எண்ணிக்கொண்டேன்.