ஏசியை நிறுத்திப் பாடிய பாட்டு

வளைகுடா நாட்டில், குதைபியா என்ற இடத்தில் சமையல் வேலை செய்துகொண்டே நானாகக் கட்டிய பாட்டு ஒன்று உண்டு. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். அதனால் பாட்டை நெஞ்சில்தான் வைத்திருந்தேன். பக்கத்து அறை யாழ்ப்பாணத் தம்பிக்குப் பழைய அமெரிக்க இசைத்தட்டுகள் என்றால் உயிர். வீட்டு வேலை செய்த பெண்கள் பாடியவையாம். "நீங்களும் பாடுங்கோ அம்மா, நான் பதியிறன்" என்றார். நான் வேலையை முடித்து ஊர் திரும்ப ஒரு வாரமே இருந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு விடுமுறை வெள்ளிக்கிழமைதான். அன்று தம்பியின் அறைக்குத் தபேலாவும் கிதாரும் வாசிக்க அவருடைய நண்பர்கள் இருவர் வந்திருந்தார்கள்.

"ஏசிச் சத்தம் பாட்டுக்குள்ள விழும், நிப்பாட்ட வேணும். இந்த வெக்கையில உங்களுக்கு ஏலுமோ?"

"முப்பது வருசம் அடுப்படியில எனக்கு எவன் தம்பி ஏசி போட்டான்? நிறுத்துங்க."

பாடினேன். தபேலாக்காரருக்கு வியர்வையில் விரல் வழுக்கித் தாளம் தப்பியது. மறுபடி தொடங்கினோம், கிதார்க்காரர் தலை சுற்றுகிறதென்று உட்கார்ந்துவிட்டார். தம்பியும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "விடுவம் அம்மா" என்றார்.

"யாரும் வாசிக்க வேணாம். நீங்க பொத்தானை மட்டும் அமுக்குங்க."

முதலடியிலிருந்து கடைசி அடிவரை தனியாகவே பாடி முடித்தேன். ஓரிடத்திலும் குரல் பிசகவில்லை.

"இதுக்கு வாத்தியமே தேவையில்லை அம்மா" என்றார் தம்பி.

"சரி, ஏசியைப் போடுங்க, பாவம்."

மூவரும் அதன் கீழே போய் நின்றார்கள். நான் நாற்காலியில் சாய்ந்து, பதிந்து வைத்த என் குரலைக் கேட்டேன்.