அபிக்கு அடுத்த இடம்

ஹாமில்டனில் குளிர்காலக் காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அதன்மேல் பள்ளிப் பிள்ளைகள் வெறுங்காலோடு ரக்பி ஆட வருவார்கள். பெற்றோர் பூட்ஸும் கோட்டும் மாட்டிக்கொண்டு, காபிக் கோப்பையோடு ஓரமாக நிற்பார்கள். பிள்ளைகளை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து நியூசிலாந்து வந்த புதிதில் எனக்கு இது தாங்கவில்லை. செருப்பில்லாமல் வாசலைத் தாண்டினாலே அப்பா சத்தம் போடும் வீட்டில் வளர்ந்தவள் நான். இவ்வளவு வசதி இருந்தும் இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் இந்தத் தலையெழுத்து என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அதே ஊர்ப் பள்ளியில் ஆசிரியையாகி, அந்தப் பிள்ளைகளுக்கே டேக் ரக்பி கற்றுக்கொடுக்கிறேன். எல்லாம் பழகிவிட்டது.

இந்த ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு ரிப்பன், இடுப்பின் இரண்டு பக்கமும் தொங்கும். பந்தோடு ஓடுபவளை இடித்துத் தள்ளக் கூடாது. ரிப்பனைப் பிடுங்கினால் போதும், அவள் நின்று பந்தைத் தன் அணிக்காரிக்குக் கொடுத்துவிட வேண்டும். ஓடுவதும் பிடுங்குவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சுலபமாக வந்துவிடும். வராதது தடுப்பாட்டம். அணி முழுவதும் ஒரே வரிசையாக நின்று, ஒரே வேகத்தில் எதிராளியை நோக்கி முன்னேற வேண்டும். ஒருத்தி ஆசைப்பட்டு முந்தினால் அவள் விட்ட இடம் எதிராளிக்கு வழி. ஒருத்தி தயங்கினால் அதுவும் வழிதான். அதனால் பக்கத்தில் நிற்பவளிடம் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்: வா, நில், இவளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அவளைப் பார். வாயாடிகளுக்கு ஏற்ற ஆட்டம் என்று சொல்லித்தான் நான் ஆள் பிடிப்பேன்.

போன வருஷம் சேர்த்து வைத்த விடுப்பில், பன்னிரண்டு வயது மகள் இனியாவோடு ஊருக்குப் போய் அண்ணன் வீட்டில் தங்கினேன். சம்பா அறுவடை முடிந்து ரோடெல்லாம் வைக்கோல் சிந்திக் கிடந்த நேரம். இனியா பிறந்தது ஹாமில்டனில். பக்கத்துப் பள்ளியில் தலைமையாசிரியை பெரிய மனசு பண்ணி அவளை ஏழாம் வகுப்பில் உட்காரவைத்தார். எனக்கு ஒரே ஆசைதான்: அங்கே அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைக்க வேண்டும். மாமா அத்தையெல்லாம் நான் கொடுத்த உறவு. அவளாகத் தேடிக்கொண்ட ஒருத்தியாவது இல்லாவிட்டால், எனக்குப் பிறகு அந்த ஊரை அவள் எதற்காக நினைக்கப் போகிறாள்? ஆனால் பிள்ளைகள் அவளை 'நியூசிலாந்து' என்றே கூப்பிட்டார்கள். மத்தியானம் தனியாகத்தான் சாப்பிட்டாள்.

"சும்மாதானே இருக்கீங்க, பிள்ளைங்களுக்கு ஏதாவது சொல்லிக்குடுங்களேன்" என்றார் தலைமையாசிரியை. ஃபேன்சி ஸ்டோரில் சடை ரிப்பன் வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, எல்லோர் இடுப்பிலும் செருகினேன்.

முதல் இரண்டு நாள் கபடிதான் நடந்தது. எதிராளியை உள்ளே வரவிட்டுச் சுற்றி வளைப்பதில் கெட்டிக்காரிகள். உள்ளே விடவே கூடாது, நாம்தான் போய்த் தடுக்க வேண்டும் என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். அபிராமி என்றொரு பெண். குரல் கணீரென்று இருக்கும். வரிசை முழுவதையும் அவளே நடத்தினாள். எனக்குப் பாதி வேலை மிச்சம்.

மூன்றாம் நாள் இனியா பந்தோடு அபியை நோக்கி ஓடிவந்தாள். இருவர் காலும் இடித்துக்கொண்டன. அபி அந்த இடத்திலேயே நின்று, இனியாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டினாள். நம் பிள்ளைகளுக்கு அது யோசித்துச் செய்கிற காரியமில்லை. இனியாவோ ரிப்பனைப் பிடுங்கத்தான் கை வருகிறது என்று நினைத்து, வளைந்து விலகி, ஓடிப்போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்து, புள்ளி எடுத்த சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள். யாரும் கைதட்டவில்லை. அபியின் கை நீட்டியபடியே இருந்தது.

"ஏம்மா நின்னுட்ட?" என்றேன்.

"கால் பட்டுச்சு டீச்சர். தானா கை போயிடுது" என்றாள். அப்புறம் பக்கத்துப் பெண்ணிடம், எனக்குக் கேட்கும்படியாகவே, "மிதிச்சுட்டுக் குதிக்கிறா பாரு" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் இனியா அழுதாள். "அவதானேம்மா நின்னா? நான் என்ன தப்பு பண்ணேன்?" அவளுக்கு இது தெரிய வழியே இல்லை. நியூசிலாந்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆசிரியர் அறையில் ஒரு பெண்மணியின் மேல் என் கால் பட்டுவிட்டது. குனிந்து அவர் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, "காண்டாக்ட் லென்ஸ் விழுந்துவிட்டதா?" என்று தரையில் தேட ஆரம்பித்தார். அன்றிலிருந்து மனசுக்குள்ளேயே கும்பிட்டுக்கொள்கிறேன். மனசுக்குள் செய்வதை மகள் எப்படிப் பார்த்திருப்பாள்? அன்று ராத்திரி எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்போடு ஆட்டம் என்று தலைமையாசிரியை அறிவித்துவிட்டார். வியாழக்கிழமைப் பயிற்சியில், ஏழாம் வகுப்பு வரிசையில் இனியாவுக்குக் கிடைத்தது இடது ஓரம், அபிக்கு அடுத்த இடம். அபி வலது பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினாள். இடது பக்கம் வாயைத் திறக்கவில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு மாடு நுழைகிற அளவு இடைவெளி. பயிற்சிக்கு வந்த எட்டாம் வகுப்புப் பெண்கள் எல்லோரும் அந்த வழியாகவே போய் வந்தார்கள். வேறு இடத்துக்கு மாற்றியிருக்கலாம். மாற்றினால் அவள் கடைசிவரை நியூசிலாந்துதான் என்று பயந்து, விட்டுவிட்டேன்.

அன்றைய பயிற்சி முடிந்து விசில் ஊதியதும் இனியா நேராக அபியிடம் போனாள். நான் சொல்லிக்கொடுத்தபடி செய்யப் போகிறாள் என்று பார்த்தால், தடாலென்று புழுதியில் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட அபியின் காலில் விழுந்தாள். ஊருக்கு வந்த நாளிலிருந்து பெரியவர்கள் ஒருவர் விடாமல் எல்லோர் காலிலும் அவளை விழவைத்திருந்தோம்; அவர்களும் திருநீறு பூசிவிட்டிருந்தார்கள். அதையும் இதையும் ஒன்றாக்கிவிட்டாள்.

அபி துள்ளிப் பின்னால் போனாள். "ஏய், எந்திரிடி. நான் என்ன ஒன் அத்தையா?" என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இனியா எழுந்திருக்கவில்லை. அபிக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து, ஒரு சிட்டிகை மைதானத்து மண்ணை எடுத்து அவள் நெற்றியில் பூசி, "சரி, தீர்க்காயுசா இரு. நாளைக்குப் பக்கத்துலேயே வா, என்ன?" என்றாள்.

வெள்ளிக்கிழமை தோற்றுத்தான் போனோம். எட்டாம் வகுப்புப் பெண்களின் ஓட்டத்துக்கு முன்னால் எங்கள் வலது பக்கம் தாங்கவில்லை. ஆனால் இடது பக்கத்தில், "இனியா, வா வா, ஒண்ணா வா" என்று அபி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இவளும் "வந்துட்டேன்டி" என்று கத்திக்கொண்டே போனாள். அந்த வழியாக ஒருத்தியும் போகவில்லை. நான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தோல்விக்கு அழுகிறேன் என்று நினைத்து, "விடுங்க டீச்சர், அடுத்த தடவ ஜெயிச்சுக்கலாம்" என்றார் தலைமையாசிரியை.

போன சனிக்கிழமை ஹாமில்டனில் இனியாவின் அணிக்கு ஆட்டம். நான் ஓரத்தில் நின்றேன். எதிரணி பந்தோடு வந்தபோது, "வா வா, ஒண்ணா வா" என்று ஊருக்கே கேட்கும்படி தமிழில் கத்திக்கொண்டு இனியா முன்னால் பாய்ந்தாள். பக்கத்தில் நின்ற பெண் ஒன்றும் புரியாமல் அப்படியே நின்றாள். நடுவில் திறந்த வழியாக எதிராளி போய்விட்டாள்.

"என்ன சொன்னாள்?" என்று பயிற்சியாளர் கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன். "சரியான வார்த்தைதான். ஆனால் இவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

இனியா தண்ணீர் குடிக்க வந்தாள். "அபியா இருந்தா வந்திருப்பாம்மா" என்றாள். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. இத்தனை வருஷமாக நான் மட்டும் பட்ட ஏக்கத்தை இனி அவளும் படுவாள் என்று எனக்கு முன்பே தோன்றவில்லை. அவள் பாட்டிலைக் கொடுத்துவிட்டு ஓடிப்போய் வரிசையில் நின்றாள். பக்கத்துப் பெண்ணுக்கு இந்தத் தடவை ஆங்கிலத்தில் குரல் கொடுத்தாள். நிற்பதில் மட்டும், தனக்கும் அவளுக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்க இடம் விட்டிருந்தாள்.