ஒரே துணியில் இரண்டு சட்டை

ஒப்பிடப்படும் இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பது விதி. நான் புலம்பெயர்ந்து வந்த குரோருட் என்ற ஊரில், எங்கள் கட்டடத்தில் இருந்த சீனப் பெண் லின்னுக்கு, ‘கம்பேர்’ என்ற ஆங்கில வினைச்சொல்லை அப்படித்தான் விளக்கினேன். புது நூற்றாண்டு பிறந்த புதிது. நான் ஓய்வுபெற்ற எழுதுவினைஞன். விதி சொல்லாமல் எதையும் தொடங்க மாட்டேன். அவள் உதாரணத்துக்குத் தன் பிள்ளைகளின் ஒரே மாதிரியான இரண்டு புதுச் சட்டைகளை மேசையில் விரித்தாள். கஞ்சி மணம் எழுந்தது.

யாழ்ப்பாணத்தில் அப்பா அந்த விதியை மதித்ததில்லை. எட்டு வயதான என்னைப் பதினைந்து வயது அண்ணனோடு தினமும் ஒப்பிடுவார். “அவனைப் பாரடா, நீயும் இருக்கிறாய்!” தீபாவளிக்கு மட்டும் இருவருக்கும் ஒரே துணியில் சட்டை தைப்பிப்பார்.

அந்த வருட மாரிமழைக் காலத்தில், தீபாவளிச் சட்டையோடு கடலுக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. தூரத்துக் கரையில் ஓர் உடல் ஒதுங்கியது. முகம் அடையாளம் தெரியவில்லை. துணியை ஒப்பிட்டுப் பார்க்க என் சட்டையைக் கொண்டுவரச் சொன்னார்கள் பொலிஸார்.

“கழட்டடா,” என்றார் அப்பா.

“அது அவன்ரை இல்லையெண்டு சொல்லிப்போட்டு வாங்கோ,” என்றாள் அம்மா.

அப்பா திரும்பிவந்து, சட்டையை மடித்து என்னிடம் தந்தார். அதன்பிறகு அவர் என்னை எவரோடும் ஒப்பிடவில்லை. அது அண்ணன்தானா என்பதற்கு எங்களுக்குப் பதில் கிடைத்தது தைப்பொங்கலுக்கு முதல் நாள்: அப்பா ஒரு சட்டைக்கு மட்டும் துணி வாங்கிவந்தார்.